சேவல் கூடினால் குஞ்சு குறையும்

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள். முசிறிப் பக்கம் ஒரு சிற்றூருக்கு வேறு வேலையாகப் போயிருந்தபோது, ஒரு வீட்டுக் கொல்லையில் சற்று நேரம் உட்கார நேர்ந்தது. வீட்டுக்காரப் பெரியம்மாவிடம் 11 பெட்டைக் கோழிகள். எல்லாம் சிறுவிடை. அந்தப் பதினொன்றுக்கு நடுவே 5 சேவல்கள்.

"போன அடைக்குப் பதிமூணு முட்டை வச்சேங்க. நாலுதான் பொரிச்சுது. மிச்சமெல்லாம் கூமுட்டை. யார் கண்ணு பட்டுச்சோ தெரியலை" என்றார்.

நான் கோழிகளைப் பார்த்தேன். நான்கைந்து கோழிகளுக்கு முதுகில் இறகே இல்லை. வெறும் தோல் சிவந்து கிடந்தது. ஒன்றின் இறக்கைக்குக் கீழே கிழிந்த புண். அதில் ஈ மொய்த்தது. இரண்டு கோழிகள் வைக்கோற்போரின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. தானியம் இறைத்தபோதுகூட அவை இறங்கி வரவில்லை. இறங்கினால் சேவல்கள் துரத்தும் என்பது அவற்றுக்குத் தெரியும். அந்தக் கொல்லையில் கண் பட்டது உண்மைதான். ஆனால் அது அந்த ஐந்து சேவல்களின் கண்.

நம்மில் பலர் நினைப்பது என்ன? சேவல் அதிகமாக இருந்தால் முட்டையெல்லாம் கருக்கூடும், குஞ்சு அதிகம் பொரியும் என்றுதான். நடப்பது வேறு. ஒரு சேவல் பெட்டையை மிதிக்கப் போனால் மற்றொன்று பாய்ந்து வந்து தள்ளிவிடும். இரண்டும் சண்டையில் இறங்கும்போது மூன்றாவது வந்து மிதிக்கும். அதையும் நான்காவது விடாது. நாள் முழுவதும் பெட்டைகள் ஓடிக்கொண்டே இருக்கும். மிதி பல, முறையாக முடிந்தது சில. சேவல் குறைந்தால் எப்படிக் கருமுட்டை குறைகிறதோ, அப்படியே சேவல் மிகுந்தாலும் குறைகிறது.

எத்தனை சேவல் தேவை?

நாட்டுக் கோழிகளில் 8 முதல் 10 பெட்டைகளுக்கு 1 சேவல் போதும். உடல் பருத்த பெருவிடை இனமானால் எட்டுக்கு ஒன்று; சிறுவிடை போன்ற இலேசான இனமானால் பத்துப் பன்னிரண்டுக்கும் ஒன்று தாங்கும். பெரியம்மாவின் 11 கோழிகளுக்குத் திடமான ஒரு சேவல் போதும். அது நோயில் விழுந்தாலோ, நரி தூக்கிப் போனாலோ உதவ இன்னொன்றைத் தனியே வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

குஞ்சு பொரிக்காமல் முட்டையை மட்டும் விற்பவருக்குச் சேவலே தேவையில்லை. சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும். சேவல் அணையாத முட்டை நம் ஊர் வெயிலில் அதிக நாள் கெடாமலும் இருக்கும். கருமுட்டைக்கு வெயில் காலத்து வீட்டுச் சூடே போதும். உள்ளே கரு அரைகுறையாக வளரத் தொடங்கிப் பிறகு அழுகிவிடும்.

ஆனாலும் சேவலுக்கு வேறொரு வேலையும் உண்டு. வானத்தில் பருந்து தெரிந்தால் அது ஒருவிதமாகக் குரல் கொடுக்கும். தரையில் நாயோ கீரியோ வந்தால் வேறு விதமாகக் குரல் கொடுக்கும். முதல் குரலுக்குக் கோழிகள் புதருக்குள் பதுங்கும். இரண்டாவதற்குக் கழுத்தை நீட்டி நின்று பார்க்கும். குஞ்சுகளோடு மேயும் கோழிக்கு இந்தக் காவல் பெரிய உதவி. திறந்த வெளியில் மேய விடுபவர்கள் ஒரு சேவலை வைத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. ஐந்துக்குத்தான் நியாயம் இல்லை.

தீனிக் கணக்கையும் பாருங்கள். மேய்ச்சல் போக நாள் ஒன்றுக்கு ஒரு சேவலுக்கு 50 கிராம் கம்போ குருணையோ இறைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 18 கிலோவுக்கு மேல் ஆகிறது. வேண்டாத 4 சேவல்களுக்கு 73 கிலோ. ஒரு மூட்டை தானியத்தைப் போட்டு முட்டையைக் கெடுத்துக்கொள்கிறோம்.

ஏழாம் நாள் சோதனை

அந்த வீட்டில் வேறொரு கோழி 12 முட்டைகளுடன் அடையில் இருந்தது. எட்டாம் நாள் என்றார் பெரியம்மா. இருட்டும் வரை காத்திருந்து, முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் செல்போன் விளக்கின் மேல் வைத்துப் பார்த்தோம். டார்ச் விளக்கும் போதும். பருத்த முனை மேலே இருக்க வேண்டும். வெளிச்சம் பக்கவாட்டில் சிந்தாதபடி விரல்களால் மூடிக்கொள்ள வேண்டும்.

ஐந்து முட்டைகளில் சிலந்திவலை போல் செந்நிற நரம்புகள் தெரிந்தன. நடுவில் ஒரு கரும்புள்ளி. இவை நல்ல கரு. ஒன்றில் இரத்தம் வளையம் போல் ஓடி நின்றிருந்தது. இது கருக்கூடிப் பின் செத்தது. மீதி ஆறும் அடைக்கு வைத்த அன்று இருந்தபடியே தெளிவாக இருந்தன. அவற்றில் கருவே இல்லை.

இந்த வேறுபாட்டை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 21 நாள் கழித்துப் பார்த்தால் எல்லாம் கூமுட்டையாகவே தெரியும், காரணம் தெரியாது. ஏழெட்டாம் நாளில் பார்த்தால் காரணம் தெரியும். வளையம் அதிகமாக இருந்தால் முட்டையை நெடுநாள் சேர்த்து வைத்திருப்பீர்கள். அல்லது வெயில் பட்டிருக்கும். அல்லது இரத்த உறவுக் கலப்பு இருக்கும். தெளிந்த முட்டை அதிகமாக இருந்தால் முதலில் சேவலைப் பாருங்கள். பெரியம்மாவின் அடையில் பாதி தெளிந்த முட்டை. ஐந்து சேவல் இருந்தும் பாதி முட்டையை எந்தச் சேவலும் சரியாக அணையவில்லை.

"அப்ப எல்லாத்தையும் வித்துடவாங்க?" என்றார். பிறகு ஒவ்வொன்றையும் காட்டி, ஏன் விற்க முடியாது என்பதற்கு ஒரு காரணமும் சொன்னார். நம் வீடுகளில் சேவல் பெருகுவது இப்படித்தான். பொரிக்கும் குஞ்சில் ஏறக்குறையப் பாதி சேவல். அதைக் கழிக்க ஒரு நாளும் நல்ல நாளாக அமைவதில்லை.

பெரிய சேவல்

முதலாவது, நான்கு வயதான செஞ்சேவல். ஒரு காலைச் சாய்த்து நடந்தது. ஆனால் கொல்லையின் தலைவன் அதுதான். கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்றொரு வரிசை உண்டு. நார்வே நாட்டு அறிஞர் ஷெல்டெரப்-எப்பே இதை ஆராய்ந்து 1921-இல் எழுதினார். விடியலில் கூவுவதிலும் இந்த வரிசை இருக்கிறது. தலைமைச் சேவல் முதலில் கூவ, மற்றவை தத்தம் இடத்திற்கேற்ப அடுத்தடுத்துக் கூவுகின்றன என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-இல் கண்டறிந்தனர். உங்கள் வீட்டில் எது தலைவன் என்று தெரியாவிட்டால் ஒரு நாள் நான்கு மணிக்கு எழுந்து கேட்டுப் பாருங்கள்.

இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தலைமையும் வீரியமும் ஒன்றல்ல. கால் ஊனத்தால் இந்தச் சேவல் பெட்டையின் மேல் சரியாக நிற்க முடியாது. வயதினால் வித்தும் குறைந்திருக்கும். ஆனால் மற்றச் சேவல்களை நெருங்கவும் விடாது. முதல் இரண்டு ஆண்டுகளே சேவலின் நல்ல பருவம். மூன்றாம் ஆண்டுக்குள் மாற்றிவிடுவது நல்லது. பெரியம்மாவுக்கு மனம் வரவில்லைதான். பருந்தோடு சண்டை போட்ட சேவல் என்றார். உறையூருக்குக் கோழியூர் என்ற பழம்பெயர் யானையை எதிர்த்த கோழியால் வந்ததாகக் கதை சொல்லும் சீமை இது. வீரமுள்ள சேவலுக்கு இங்கே மதிப்பு அதிகம். ஆனால் அடைக்கு வைக்கும் முட்டைக்கு அந்த வீரம் உதவாது.

மகன்கள் இரண்டு

இரண்டாவதும் மூன்றாவதும் அந்தச் செஞ்சேவலின் மகன்கள். கொல்லையில் உள்ள விடைக்கோழிகளில் பாதி அவற்றின் உடன்பிறப்புகள். இவற்றை விட்டுவைத்தால் அண்ணன் தங்கைக் கலப்பு. தொடர்ந்து இப்படி நடந்தால் முட்டையில் கரு சாகும். பொரித்த குஞ்சும் வற்றலாக இருக்கும். நோயும் எளிதில் பிடிக்கும். வீட்டில் பிறந்த சேவலை வீட்டுப் பெட்டைகளோடு விடாதீர்கள்.

இவற்றைக் கழிக்க வேண்டிய காலம் எப்போதோ கடந்துவிட்டது. 8 முதல் 12 வாரத்திற்குள் சேவல் எது, பெட்டை எது என்று தெரிந்துவிடும். சேவற்குஞ்சின் கொண்டை முந்திச் சிவக்கும், கால் தடிக்கும், கழுத்திலும் முதுகின் அடிப்பகுதியிலும் கூரான பளபளப்பான இறகு முளைக்கும். அப்போதே சிறந்தது ஒன்றை மட்டும் குறித்துவைத்துக்கொண்டு மற்றவற்றைத் தனியாகப் பிரித்துக் கறிக்கென வளர்க்க வேண்டும். ஐந்து ஆறு மாதத்தில் மிதிக்கத் தொடங்குமுன் விற்றுவிட வேண்டும். ஒன்றாக வளர்ந்த இளஞ்சேவல்கள் பெட்டைகள் கண்ணில் படாத இடத்தில் இருந்தால் அதிகம் சண்டையிடுவதில்லை. கொல்லையின் மறு கோடியில் ஒரு தட்டி அடைப்பு போதும். அந்தக் கூட்டத்திலிருந்து ஒன்றை எடுத்து ஓரிரு வாரம் வேறிடத்தில் வைத்துவிட்டுத் திரும்ப விடாதீர்கள். பழைய தோழனை மறந்துவிட்டு அயலான் என்று பாயும்.

விற்பதற்கும் காலம் உண்டு. புரட்டாசியில் கறி சாப்பிடாதோர் பலர். கார்த்திகை மார்கழியில் மாலை போட்டோர் பலர். பொங்கலுக்கு மறுநாட்கள், ஆடி மாதக் கோயில் விழாக்கள், தீபாவளி ஆகியவையே விலை நிற்கும் நாட்கள். அதற்கு ஐந்தாறு மாதம் முன்னதாகக் குஞ்சு பொரிக்கும்படி அடை வைத்தால் சேவல் அந்த நாளுக்குத் தயாராகும்.

பேரனின் வெள்ளைச் சேவல்

நான்காவது, பேரன் தெருவில் வந்த வியாபாரியிடம் வாங்கியது. வரும்போது பச்சைச் சாயம் பூசிய குஞ்சு; வளர்ந்தபின் வெள்ளைச் சேவல். இத்தகைய சாயக் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைகளுக்கு வேண்டாத ஆண் குஞ்சுகளே. லெகார்ன் வழி வந்தவை. உறவுக் கலப்பு இல்லையே, இதையே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கத் தோன்றும். ஆனால் லெகார்ன் இனம் அடைக்கு உட்காராத இனம். இந்தச் சேவலுக்குப் பிறக்கும் பெட்டைகள் முட்டை கூடுதலாக இடலாம். அடைகாக்கும் குணம் குறையும். அடைக்கோழியை நம்பிக் குஞ்சு எடுக்கும் வீட்டுக்கு இது இலாபமில்லை.

பேரன் அருகில் நின்றுகொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் சேவலைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டான். நானும் அதற்குமேல் பேசவில்லை.

நேர்ந்துவிட்ட சேவல்

ஐந்தாவது, மாசியில் குலதெய்வத்துக்கு என்று நேர்ந்துவிட்ட கருஞ்சேவல். விற்கவும் கூடாது, அறுக்கவும் கூடாது. எல்லா ஊர்களிலும் இந்தச் சேவல் உண்டு. அது நாள் வரும்வரை சுதந்திரமாகத் திரிந்து, நன்றாகத் தின்று, எல்லாப் பெட்டைகளையும் துரத்தும். நேர்த்தியில் குறுக்கிட நமக்கு வேலையில்லை. ஆனால் நேர்ந்துவிட்டது என்றால் அவிழ்த்துவிட்டது என்று பொருளல்ல. பகலில் பெரிய பஞ்சாரத்துக்குள் நிழலில் வைத்து, தீனியும் தண்ணீரும் கொடுத்து, மாலையில் பெட்டைகள் அடைந்தபின் சிறிது நேரம் உலவ விடலாம். சாமிக்குக் கொடுக்கும்போது மேனியும் கெடாமல் இருக்கும்.

அடுத்த வீட்டுச் சேவல்

பேசிக்கொண்டிருக்கும்போதே வேலி தாண்டி ஆறாவது ஒன்று வந்தது. அடுத்த வீட்டுச் சேவல். செஞ்சேவல் அதன்மேல் பாய, அந்த வீட்டு அம்மாள் வெளியே வந்து சத்தம் போட்டார். இந்தச் சேவல்களால் இரு வீடும் ஐப்பசியிலிருந்து பேசுவதில்லையாம்.

நாம் சேவலை வீட்டுக் கணக்கில் எண்ணுகிறோம். கோழிகள் தெருக் கணக்கில் மேய்கின்றன. ஒட்டியுள்ள மூன்று வீடுகளில் வீட்டுக்கு 6 பெட்டையும் 2 சேவலும் இருந்தால், அந்தக் குப்பைமேட்டில் 18 பெட்டைக்கு 6 சேவல். வேண்டியது இரண்டே. மூன்று வீட்டாரும் கூடிப் பேசி நல்ல இரண்டை வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் குஞ்சு கிடைக்கும். நீங்கள் மட்டும் குறைத்து, பக்கத்து வீட்டில் குறைக்காவிட்டால் பாதிப் பயன்தான்.

இரண்டு சேவல் வைத்தே ஆகவேண்டும் என்போர் சில ஏற்பாடுகளைச் செய்துகொள்ள வேண்டும். ஒரு நாள் ஒன்றை வெளியே விட்டு மற்றதைப் பஞ்சாரத்தில் மூடுவது மிக எளிய வழி. மறுநாள் மாற்றி விடலாம். சேவலுக்குச் சேவல் பிடித்த பெட்டை வேறு. ஒன்று ஒதுக்கிய பெட்டையை மற்றது அணையும். எனவே கருமுட்டையும் கூடும். இரண்டையும் சேர்த்தே விடுவதானால் தீனியும் தண்ணீரும் இரண்டு இடங்களில் இருக்கட்டும். ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியக்கூடாது. பெட்டைகள் ஒதுங்க உயரமான கழியோ புதரோ வேண்டும். இரவுக் கூட்டில் கோழி ஒன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு சதுர அடி இடம் வேண்டும். விடிந்தும் கூட்டைத் திறக்காமல் இருக்காதீர்கள். பெரும்பாலான சண்டை அந்த நெரிசலில்தான் தொடங்குகிறது.

காலில் உள்ள முள் நீண்டிருந்தால் நுனியை மட்டும் அரத்தால் மழுக்குங்கள். அடியோடு வெட்டக்கூடாது, உள்ளே எலும்பும் இரத்தக்குழாயும் உண்டு. இரத்தம் கசியும் கோழியை உடனே பிரியுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றவையும் வந்து கொத்தும். புண்ணைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த இளஞ்சிவப்புத் தண்ணீரில் கழுவி, ஈ அண்டாமல் வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவலாம். புழு வைத்துவிட்டால் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சண்டையை வேடிக்கையாக மூட்டிவிடுவோருக்கு ஒரு வார்த்தை: அது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

புதுச் சேவல் வாங்கும்போது

அசலூரிலிருந்து, நல்ல முட்டையிடும் தாய்க்குப் பிறந்த, எட்டு மாதம் முதல் ஒரு வயதுக்குட்பட்ட சேவலைத் தேர்ந்தெடுங்கள். கண் தெளிவாக, அலகு நேராக, நெஞ்செலும்பு கோணாமல், கால்விரல்கள் நேராக இருக்க வேண்டும். தீனி கண்டால் தானே விழுங்காமல் "கொக் கொக்" என்று பெட்டைகளைக் கூப்பிடும் சேவல் நல்ல சேவல். குழந்தைகள்மேல் பாயும் சேவல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். அந்தக் குணம் சந்ததிக்கும் வரக்கூடும்.

சந்தையில் வாங்கிய சேவலை அன்றே கூட்டத்தில் விடுவதைப் போன்ற தவறு வேறில்லை. ஊரையே காலி செய்யும் வெள்ளைக் கழிச்சல், அதாவது இராணிக்கெட் நோய், இப்படித்தான் பல வீடுகளுக்குள் நுழைகிறது. மூன்று வாரம் தனியே, வேறு தண்ணீர்ப் பாத்திரத்துடன் வைத்துப் பாருங்கள். உங்கள் கோழிகளுக்கும் தடுப்பூசி முன்னரே போட்டிருக்க வேண்டும். பொறுமை உள்ளவர்கள் சேவலுக்குப் பதில் அசலூர் முட்டைகளை வாங்கித் தம் அடைக்கோழியிடம் வைக்கலாம். நோய் வரும் ஆபத்து குறைவு, செலவும் குறைவு. சேவல் தயாராக ஆறேழு மாதமாகும்.

பழைய சேவலை நீக்கிய மறுநாளே முட்டை சேர்க்கத் தொடங்காதீர்கள். ஒருமுறை அணைந்த வித்து பெட்டையின் வயிற்றில் இரண்டு மூன்று வாரம் வரை உயிரோடு இருக்கும். புதுச் சேவலின் குஞ்சுதான் வேண்டும் என்றால் மூன்று வாரம் விட்டுப் பிறகு சேர்க்கும் முட்டையையே அடைக்கு வையுங்கள். அந்த மூன்று வார முட்டையை விற்கலாம், வீட்டுக்கும் எடுக்கலாம். அடைக்குரிய முட்டையை ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்; கோடையில் நான்கைந்து நாளே போதும்.

தை மாதக் கடைசியில் மீண்டும் அந்த வழியாகப் போனேன். செஞ்சேவலும் இரு மகன்களும் பொங்கலையொட்டி விலையாகிவிட்டன. துறையூர்ப் பக்கத்து உறவினர் வீட்டிலிருந்து வந்த மயில்நிறச் சேவல் கொல்லையில் நின்றது. முதுகு வெறுத்திருந்த கோழிகளுக்குக் குருத்திறகு முளைத்திருந்தது. கருஞ்சேவல் பஞ்சாரத்துக்குள் மாசியை எதிர்பார்த்திருந்தது. பேரனின் வெள்ளைச் சேவல் மட்டும் வாசலில் ஒரு காலில் கயிற்றோடு நின்றது. பள்ளிவிட்டு வந்ததும் அவனே அவிழ்த்து வயலுக்குக் கூட்டிப்போகிறானாம். அடுத்த வீட்டு அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "எங்க சேவலையும் கழிச்சுட்டோங்க. இங்கேயிருந்து ரெண்டு அடைக்கு முட்டை தர்றேன்னாங்க" என்றார்.

அன்று மாலை இருட்டியதும், ஏழாம் நாளில் இருந்த ஒரு அடையைப் பார்த்தோம். 12 முட்டையில் 10-இல் நரம்பு ஓடியிருந்தது. தெளிந்த முட்டை இரண்டையும் பெரியம்மா எடுத்துத் தனியே வைத்துவிட்டு, பத்தையும் கோழியின் அடியில் தள்ளினார்.